குடத்தில் ஊறிய கடலை

கோயிலில் வெள்ளிக்கிழமைச் சுண்டலுக்கு என் முறை வந்தது. ரப்பர் தோட்டத்தை விட்டு இந்தப் புந்தோங் டவுனுக்கு வந்த இத்தனை வருசத்தில் இதுதான் முதல் தடவை. "என் சுண்டல்ல ஒரு கடலைகூடத் தோல் உரியாது" என்று பத்துப் பேருக்கு முன்னால் சொல்லிவிட்டேன். சொன்னால் சொன்னபடி இருக்கணுமே.

என் அண்டா பக்கத்து வீட்டுக்காரியிடம் இருந்தது. தீபாவளிக்கு வாங்கினவள் திருப்பித் தரவில்லை. நான் போய்க் கேட்கிற ஆளா? வீட்டிலிருந்த பித்தளைக் குடத்தில் ஊறப் போட்டேன். அண்டாவில் எப்போதும் பாதி உயரத்துக்குக் கடலை போடுவேன். குடத்திலும் அதே பாதி. குடம் மேலே போகப் போகக் குறுகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கு ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

காலையில் பார்த்தால் கழுத்துவரை கடலை. கவிழ்த்தேன். தண்ணீர் சொட்டியது, கடலை அசையவில்லை. கரண்டிக் காம்பால் ஒன்றைத் தோண்டினால், கீழே நெருக்குண்டு கிடந்த ஒன்று எழும்பி வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது, பஸ்ஸில் சீட்டுப் பிடிக்கிற மாதிரி. என் வீட்டுக்காரர் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்த பழைய கத்தியைத் தேடி எடுத்து வந்தார்.

அந்த நேரம் பார்த்து அண்டாவோடு வந்து நின்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"என்னண்ணே, கொடத்துல பால் வெட்டுறீங்களா?"

"உன் வேலையைப் பாரு" என்றேன்.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா நேத்தே குடுத்திருப்பேன்லா, அக்கா."

குடத்தை எட்டிப் பார்த்தாள். "வாய்கிட்ட நாலு கடலை நெத்தியோட நெத்தி முட்டிக்கிட்டு நிக்குது. அதைக் கலைச்சாப் போதும்." என் வீட்டுக்காரரைக் குடத்தைக் கவிழ்த்துப் பிடிக்கச் சொன்னாள். ஒட்டடைக் குச்சியின் மூங்கிலைக் கழுவிக் கீழிருந்து உள்ளே விட்டு ஆட்டினாள். முதலில் மூன்று விழுந்தது. பிறகு சடசடவென்று மழை மாதிரி அண்டாவுக்குள் கொட்டியது. நின்றால் மறுபடி ஓர் ஆட்டு.

சாயங்காலம் கோயிலில் ஒரு கடலைகூடத் தோல் உரியவில்லை. எப்படி என்று கேட்டார்கள்.

"குடத்துல ஊறின கடலை" என்றேன் நான். "நெருக்கமா இருந்தா உரியாது."

அடுத்த வாரம் இரண்டு பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு, எவ்வளவு கடலை போடணும் என்று கேட்டு வீட்டுக்கே வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னையே பார்த்தாள். குச்சி விட்டு ஆட்டின கதையை அவர்களிடம் சொல்லவில்லை.

அன்றைக்கே அண்டாவை மறுபடி வாங்கிக்கொண்டு போனாள். இன்னும் தரவில்லை. நானும் கேட்கவில்லை.