சவரிமுத்து எழுதிய இரண்டு படக்குறிப்புகள்

“சவரி போயிட்டாராம்ல. பாஸ்போர்ட் சைஸ் படம் இருந்தா மதுரைக்குப் பஸ்ல போட்டு விடு. ரெண்டு வரி நீயே எழுதிரு.”

சென்ற மாதம் எங்கள் நாளிதழின் தலைமை அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் வந்த செய்தி இவ்வளவுதான். ‘எங்கள் திண்டுக்கல் செய்தியாளராக இருந்து வேலைநீக்கம் செய்யப்பட்ட சவரிமுத்து, மஞ்சள் காமாலையால் இறந்தார்’ என்று எழுதி அனுப்பினேன். ‘ஓய்வுபெற்ற செய்தியாளர்’ என்று அச்சானது. இறக்கும்போது அவருக்கு நாற்பத்து நான்கு வயது. அந்த வயதில் யார் ஓய்வு பெறுகிறார்கள் என்று அங்கே ஒருவரும் யோசிக்கவில்லை. அவரை அறிந்தவர்களுக்காக, நடந்ததை எழுதுகிறேன்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு மாடி அறையில் ஆறு ஆண்டுகள் நாங்கள் சேர்ந்து வேலை பார்த்தோம். படம் எடுப்பது நான். அதற்குக் கீழே வரும் வரிகளை எழுதுவது அவர். நிலக்கோட்டைப் பூச்சந்தையில் கூடையோடு நின்ற ஒரு பெண்ணைப் படம் எடுத்து வந்தேன். பெயர் கேட்டு வரவில்லை. “பூக்காரின்னா ஆயிரம் பேரு இருக்காக அப்பு. இந்தப் பொம்பளைக்குன்னு ஒரு பேரு இருக்கும்ல?” என்று சொல்லி, மறுநாள் என்னைத் திரும்பவும் பஸ் ஏற்றிவிட்டார். அன்று எரிச்சலாக இருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் செம்பட்டிப் பக்கம் ஒரு ஊரில் தீப்பிடித்து இருபது குடிசைகள் எரிந்தன. நிவாரணக் குழுத் தலைவர் ஒரு மில் முதலாளி. எங்கள் முதல் பக்கத்தில் அவருடைய விளம்பரம் வராத வாரம் கிடையாது. பேச்சியம்மாள் என்ற பெண்ணை இடுப்புக் குழந்தையோடு நிற்கவைத்துச் சேலை கொடுத்தார். தலைவர் முகத்தில் நிழல் விழுந்ததால் மூன்று முறை கொடுத்தார். கூட்டம் கலைந்ததும் குழுக்காரர் ஒருவர் அவள் கையிலிருந்த சேலையை உருவினார். “இது போட்டோவுக்கும்மா. ஒனக்குப் பொறவு தருவாக.” பக்கத்தில் நின்ற சவரி அதைப் பார்த்தார். அதையும் நான் படம் எடுத்தேன்.

இரண்டு படங்களையும் அனுப்பச் சொன்னார் சவரி. நான் சேலை கொடுக்கும் படத்தை மட்டும் உறையில் வைத்தேன். காரணம் பயம், வேறொன்றுமில்லை. ‘தீயில் வீடிழந்த பேச்சியம்மாளுக்குப் படத்துக்காக மூன்று முறை வழங்கி, பின்னர் திரும்பப் பெறப்பட்ட சேலை’ என்பது அவர் எழுதிய குறிப்பு. ‘நிவாரணச் சேலையை மகிழ்ச்சியுடன் பெறும் பயனாளி’ என்பது அச்சில் வந்தது.

பத்து நாள் கழித்துப் பேச்சியம்மாள் அந்தத் தாளை மடியில் செருகிக்கொண்டு மாடியேறி வந்தாள். “நான் ஒண்ணும் வாங்கலையே சாமி. பேப்பர்லயே வந்துட்டியே, ஒனக்கு எதுக்கு இன்னும்னு சொல்லி, கூரைக்குக் கீத்துக் கொடுக்கிற லிஸ்ட்ல எம் பேரை அடிச்சுட்டாக. புள்ளைய வச்சுக்கிட்டு வெயில்ல கெடக்கேன்.”

சவரி மறுப்புச் செய்தி எழுதினார். போட மறுத்தார்கள். அவர் விடாமல் மதுரைக்கே போனார். மில் முதலாளியும் புகார் கொடுக்கவே, ஆசிரியர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு விசாரித்தார்.

“சேலையைத் திரும்ப வாங்குனதை நீ பாத்தியா?”

“இல்ல சார். அப்ப பிலிம் ரோல் மாத்திக்கிட்டு இருந்தேன்.”

பக்கத்து நாற்காலியில் சவரி இருந்தார். அந்தப் படம் என்னிடம் இருப்பது அவருக்குத் தெரியும். என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, “நான் பாத்தேன். எழுதினது நிஜம்” என்று மட்டும் சொன்னார். அன்றே அவருக்கு வேலை போனது. திரும்பும் பஸ்ஸில், படத்தைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீயா சொன்னாத்தான்யா அது சாட்சி” என்றார்.

அடுத்த மாதமே அந்த முதலாளி வீட்டுக் கல்யாணத்தைப் படம் எடுத்தேன். பந்தியில் உட்கார்ந்து, பாயசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

சவரி தாலுகா அலுவலக வாசலில் மனு எழுத உட்கார்ந்தார். முதல் மனு பேச்சியம்மாளுக்கு. நாலு மாதம் அலைந்து, கீற்றும் மூங்கிலும் வாங்கிக் கொடுத்தார். சேலை கடைசிவரை வரவில்லை.

போன வருஷம் அந்த இரண்டாவது படத்தைப் பிரிண்ட் போட்டு அவரிடம் எடுத்துப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், படத்தை மட்டும் நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார். பிறகு படத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினார்.

“வச்சுக்க” என்று நீட்டினார்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். ‘பேச்சியம்மாளிடமிருந்து சேலையைத் திரும்ப வாங்கும் நிவாரணக் குழுவினர்.’ அதற்குக் கீழே, ‘படம்:’ என்று போட்டு, என் முழுப்பெயரையும் அப்பா பெயரின் முதல் எழுத்தோடு எழுதியிருக்கிறார்.