வெற்றிலைக் கொடிக்குப் பூண்டுச் சாறு

எழுபதுகளின் நடுவில் கல்யாணமாகிக் கொச்சியில் மட்டாஞ்சேரிக்கு வந்தேன். தெருவெல்லாம் சுக்கும் மிளகும் மணக்கிற ஊர். எங்கள் வீட்டுக்குள் மட்டும் பூண்டு நுழையக் கூடாது. அது மாமியாரின் சட்டம். பூண்டு ரசம் குடித்து வளர்ந்த எனக்கு, வாயைக் கட்டிக்கொண்டிருப்பது பெரும் பாடாக இருந்தது.

கொல்லையில் கமுகின் மேல் படர்ந்த வெற்றிலைக் கொடி ஒன்று உண்டு. நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்ட மாமனார் வைத்தது. மாமியார் வெற்றிலை போடுவதில்லை. தினமும் ஓர் இலை பறித்து மாமனார் படத்தின் முன் வைப்பார். வைக்காமல் காப்பிகூடக் குடிக்க மாட்டார்.

ஒரு வருஷம், ஜூன் மாத இடவப்பாதி மழையில் இலைகளில் கறுப்புப் பொட்டு விழுந்தது. பிறகு இலை இலையாக அழுகி உதிர ஆரம்பித்தது. மாமியார் குனிந்து குனிந்து அவற்றைப் பொறுக்கினார். பூஞ்சை நோய் என்றார், மதில்மேல் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுச் சேச்சி.

"வெளுத்துள்ளி அரைச்சு, வெள்ளம் சேர்த்து, அரிச்சு தளிச்சா மதி. எங்க மொளகுக் கொடிக்கு அதாக்கும் செய்யறது."

வெளுத்துள்ளி என்றால் பூண்டு. அதை அரைத்து, தண்ணீர் சேர்த்து, வடிகட்டித் தெளித்தால் போதுமாம். உலகத்தில் வேறு மருந்தே கிடைக்கவில்லையா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அன்று மாலையே பஜாரில் வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன். துணி துவைக்கும் கல்லில் வைத்து நசுக்கும்போது பின்னால் மாமியார் நின்றார். வந்தது வரட்டும் என்று சேச்சி சொன்னதை அப்படியே சொன்னேன். கொடியைப் பார்த்தார், பூண்டைப் பார்த்தார்.

"அடுக்களைக்குள்ளே மட்டும் கொண்டு வராதேடீ," என்றவர், எதிரில் உட்கார்ந்து தோலுரிக்கத் தொடங்கினார்.

மழை விட்டபோதெல்லாம் தெளித்தோம். பாதிக் கொடி போய்விட்டது. மீதி, ஓணம் நெருங்கும்போது தளிர் விட்டது. முதல் இலையைப் படத்தின் முன் வைக்கப் போனவர், மோந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். கழுவியும் வாடை போகவில்லை. பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பூண்டு மணக்கறது, அம்மா."

"மணக்கட்டும். உன் மாமனார் பஜார்லே பூண்டு போட்ட வடையைத் தின்னுட்டு, கொல்லை வழியா வந்து ஒரு இலையைப் பறிச்சு வாயிலே போட்டுண்டுதான் உள்ளே வருவார். அதுக்குன்னே வெச்ச கொடியாக்கும் இது."

இலையைப் படத்தின் முன் வைத்தார்.

"எனக்குத் தெரியாதுன்னே நினைச்சுண்டு போயிட்டார்."