பாதிச் சீலிங்

புண்ணியமூர்த்தி பாரிசின் லாச்சப்பலில் ஒரு தமிழ்க் கடையில் மரக்கறி நிறுத்துக் கொடுக்கிறார். வயது ஐம்பத்தெட்டு. வலது தோள் உயராது. மூட்டை தூக்கச் சொல்லி முதலாளி அவரைக் கேட்பதில்லை. பழைய கட்டடங்களைத் திருத்தும் ஒரு பிரெஞ்சுக் கொம்பனியில் பதினாறு வருடம் தலைக்கு மேலே கை தூக்கிச் சாந்து பூசியதில் போன தோள் அது.

அந்தப் பதினாறு வருடத்தில் அவர் வாய்விட்டுப் பெருமை பேசிய வேலை ஒன்றே ஒன்று. பிரெக்சிற்றுக்கு முன்னர், இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் ஒரு பிரபுவின் மாளிகையைத் திருத்தக் கொம்பனி ஆட்களை அனுப்பியது. முந்நூறு வருடப் பழைய செங்கல் வீடு. நடுவில் வாசல், இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் ஜன்னல்கள். அவற்றில் இரண்டு பொய் ஜன்னல்கள். முகப்பின் ஒழுங்கு கெடக்கூடாதென்று வெறும் சுவரில் சட்டம் அடித்துக் கறுப்பு மை பூசியிருந்தார்கள். மேல்மாடியில் வீட்டின் நீளத்துக்கு ஒரே மண்டபம். அதன் வெள்ளைச் சீலிங் எங்கும் திராட்சைக் கொடி சாந்தில் புடைத்து ஓடியது. மழைத்தண்ணீர் இறங்கி அதில் பாதி விழுந்துவிட்டது.

அந்தப் பாதியைப் பதினொரு மாதம் மூர்த்தியும் மேற்பார்வையாளர் தியரியும் செய்தார்கள். சுண்ணாம்பில் ஆட்டுமயிர் கலந்து மரப்பட்டிகளில் அப்பினார்கள். பழைய பாதியில் ஓர் இலை போல மற்ற இலை இருக்கவில்லை. அச்சில் வார்த்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்று சொல்லி, மூர்த்தி ஒவ்வொன்றையும் கையாலேயே வைத்தார். முடிந்த அன்று தியரி அண்ணாந்து பார்த்து, "எது பழசு, எது உன்னுடையது என்று எனக்கே தெரியவில்லை" என்றார்.

போன வருடம் அதே மாளிகையில் கலியாணம். மூர்த்தியின் மனைவி தவநாயகியின் தம்பி கரிகாலன் லண்டனில் வசதியாக இருப்பவன். மகளின் கலியாணத்துக்கு முழு வீட்டையும் வாடகைக்கு எடுத்திருந்தான். அழைப்பிதழில் வீட்டின் படத்தைக் கண்ட நாளிலிருந்து மூர்த்திக்கு இருப்புக் கொள்ளவில்லை. புதுக் கோட்டு வாங்கினார்.

சாப்பாட்டுக்கு முன், மாளிகையில் வேலை செய்யும் ஒரு வெள்ளைக்காரப் பெண் விருந்தினருக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினாள். மேல்மண்டபத்தில் நின்று, இந்த வீட்டில் எல்லாம் பழுதுபட்டாலும் இந்தச் சீலிங் மட்டும் முந்நூறு வருடமாக ஒரு கையும் படாமல் தப்பியது என்றாள். எல்லோரும் தொலைபேசியை உயர்த்திப் படம் எடுத்தார்கள்.

மூர்த்தி மகள் லக்ஷனாவின் கையைப் பிடித்தார். "பிள்ளை, அவவுக்குச் சொல்லு. அந்த ஜன்னலிலை இருந்து இஞ்சாலை முழுக்க நான் செய்தது."

லக்ஷனா தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் சொன்னாள். அந்தப் பெண் மூர்த்தியின் கோட்டைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், பிறகு சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னாள்.

"என்னவாம்?"

"கேக்க நல்லாயிருக்காம், அப்பா."

பேச வராவிட்டாலும் மூர்த்திக்கு அவ்வளவு ஆங்கிலம் தெரியும். உங்கள் அப்பா இங்கே துப்புரவு வேலை செய்திருப்பார் என்று அவள் சொன்னதும் விளங்கியது, மகள் அதை மறைத்ததும் விளங்கியது.

பக்கத்தில் நின்ற கரிகாலன் கேட்டுவிட்டான். "அத்தான் என்ரை மண்டபத்தை முதலே கூட்டித் துடைச்சு வைச்சிட்டார்!" என்று உரத்துச் சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"சும்மா இருங்கோப்பா, மானம் போகுது" என்று தவநாயகி மூர்த்தியை அடக்கினாள். கரிகாலனிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பாரிசுக்குத் திரும்பிய கிழமையே மூர்த்தி தியரியைத் தேடிப் போனார். ஓய்வுபெற்ற தியரி கோப்பியை ஊற்றி வைத்துவிட்டு, ஏன் அந்தப் பொய் என்று கேட்டதற்கு நேரே பதில் சொன்னார்.

"வீட்டுக்காரருக்குச் சீலிங் பழசாகவே இருக்க வேண்டியிருந்தது. வேலையைப் பற்றி வெளியே பேசுவதில்லை என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். நீயும் போட்டாய், மூர்த்தி."

"வேலைப் பாதுகாப்புப் பத்திரம் என்றல்லவா தந்தீர்கள்?"

"அந்தக் கடதாசிக் கட்டுக்குள் அதுவும் இருந்தது." தியரி குனிந்து கோப்பியைக் கலக்கினார். "தெரியாமல் இருப்பதுதானே நல்ல வேலைக்கு அடையாளம்."

"என்ரை தோள் தெரியுதே" என்று மூர்த்தி தமிழில் சொல்லிவிட்டு எழும்பினார். கோப்பி அப்படியே இருந்தது.

வீட்டில் அதைக் கேட்ட லக்ஷனாவின் முகம் சிவந்தது. அந்த மாளிகைக்காரருக்கு ஒரு கடிதம் எழுதப்போகிறேன் என்று பிரெஞ்சில் படபடத்தாள், கணினியையும் திறந்துவிட்டாள். பிறகு விசைகளிலிருந்து விரல்களை எடுத்துக்கொண்டு, தமிழுக்கு மாறிக் கேட்டாள்:

"அப்பா, உண்மையா நீங்கள்தானே செய்தது?"

மூர்த்தி இடது கையால் கணினியை மூடினார்.

"எழுத வேண்டாம். அண்டைக்கு அவ சொன்னதை நீ எனக்கு மறைச்சாய் பார், அப்பவே முடிஞ்சுது."

அவள் அழுதாள். அவர் தேற்றவில்லை. அடுத்த நாள் காலை எட்டு மணிக்குக் கடையில் வெண்டிக்காய்ப் பெட்டியை இடது கையால் இழுத்துக்கொண்டிருந்தபோது, கரிகாலன் அனுப்பிய கலியாணப் படங்களைத் தவநாயகி அவருடைய தொலைபேசிக்கு அனுப்பினாள். அவர் ஒன்றையும் திறந்து பார்க்காமல் எல்லாவற்றையும் அழித்தார்.