வருகைப் பதிவேட்டில் இருந்தவர்

எங்கள் அமைப்பு ஒரே வேலைக்காகத் தொடங்கப்பட்டது: விசாரணைக்கென்று அழைத்துப் போகப்பட்டுத் திரும்பாதவர்களைத் தேடுவது. நான் சேர்ந்தபோது அப்படி ஒரு வழக்குதான் மிச்சமிருந்தது. காணாமல் போனவர் சங்கு குளிக்கிறவர். கடலிலிருந்து ஏறியவரைத் தலை துவட்டக்கூட விடாமல் போலீஸ் ஜீப்பில் ஏற்றினார்களாம். அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள் கூட்டிப்போனவர்கள். வரவேயில்லை என்றார் மனைவி. வழக்கே அதுதான்.

அமைப்பு வளர்ந்தது. பெண்ணுரிமை, குடிநீர், பருவநிலை, கருப்பட்டிக்குச் சந்தை பிடிப்பது என்று போனது. எதையும் தப்பென்று சொல்ல மாட்டேன். கூட்டங்களின் வருகைப் பதிவேடு என் பொறுப்பு. உப்பளத்துக்காரர் வீட்டில் முதல் பட்டதாரி நான். என் அட்டவணையில் ஒரு கட்டமும் காலியாக இருக்காது.

அந்த மனைவி ஒரு கூட்டத்தையும் விட்டதில்லை. உடன்குடிக்குக்கூட பஸ் பிடித்து வந்துவிடுவார். பக்கத்து நாற்காலியில் பையை வைத்து, யாரையும் உட்கார விடமாட்டார்.

ஆண்கள் வருகை குறைவு என்று புகார் வந்ததும், குடும்பமாகக் கையெழுத்து வாங்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தோம். "எக்கா, வீட்டுக்காரர் பேரையும் போட்டுருங்க" என்று வரிசையில் எல்லோரிடமும் சொன்னேன். குனிந்த தலை நிமிராமல் அந்த மனைவியிடமும் சொல்லிவிட்டேன்.

ஒரு மதியம் எங்கள் வக்கீல் மதுரையிலிருந்து கூப்பிட்டார். வருகைப் பட்டியலோடு அச்சிட்ட எங்கள் ஆண்டறிக்கையையே எதிர்த்தரப்பு நீதிமன்றத்தில் கொடுத்திருந்தது. அதன்படி, காணாமல் போனதாகச் சொல்லப்படுபவர் ஜீப்பில் ஏறிய நாளுக்குப் பிறகு கருப்பட்டிக் கூட்டத்துக்கு வந்திருக்கிறார், குடிநீர்க் கூட்டத்துக்கும் வந்திருக்கிறார்.

பதிவேடுகளை எடுத்தேன். அவர் கையெழுத்திருந்த பழைய அடையாள அட்டையின் நகலைப் பக்கத்தில் வைத்தேன். முதல் கூட்டங்களில் கோணல்மாணலாக இருந்த கையெழுத்து பக்கம் பக்கமாகத் தேறி, கடைசியில் அட்டையில் இருந்ததாகவே ஆகியிருந்தது. அதே சாய்வு, அதே சுழி. வெளியே நல்ல வெயில். பதிவேடுகளைப் பையில் எடுத்து வைத்தேன்.

மறுநாள் அவர் மனைவியிடம் கேட்டேன்.

"நான்தாம்ளா போடுதேன். மொதல்ல சரியா வரல. வீட்டுல எழுதி எழுதிப் பழகுனேன். அவுகளத் தேடத்தான இத்தன கூட்டம் போடுதிய? அதுல அவுக பேரு இல்லாட்டா எப்படி?"

எல்லாக் கூட்டங்களும் தன் கணவருக்காகவே என்று நம்பியிருந்தார். நாங்கள் யாரும் வேறு மாதிரி சொன்னதில்லை.

"அவர் வரலன்னு நீங்க எழுதித் தரணும்க்கா. இல்லன்னா கேஸ் போயிரும்."

"எங்கையால எழுதவா? எம்பக்கத்துலதான இருந்தாக." என் தோளுக்குப் பின்னால் பார்த்தபடி சொன்னார். எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அவர் எழுதவில்லை. நான் எழுதினேன்: பெயரைப் போடச் சொன்னது நான், அந்த மனிதர் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. நீதிபதி படித்துவிட்டு, "அப்படியென்றால் பதிவேட்டில் இருக்கும் மற்ற ஆண்கள் வந்தார்களா?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க ஐயா" என்றேன்.

வழக்கு பிழைத்தது. நீதிமன்ற வாசலில் அந்த மனைவி என் கையைப் பிடித்து, விரல்களைத் தடவிப் பார்த்தார்.

"நல்லா எழுதுத கை. அவுக இல்லன்னு எழுதிட்டியேளா."