ஜப்பான் மணியைத் திருப்பி வைத்த ஞோ செயின்

எனக்கு ஜோசியத்தில் நம்பிக்கை கிடையாது. எங்கள் ஊர் மோல்மீனில் இதை உரக்கச் சொன்னால் என் டீக்கடையில் ஈதான் ஓட்டவேண்டும். அதனால் சொல்வதில்லை. கடைக்குப் புதுக் கூரை போட்ட நாளைக்கூட ஜோசியக்காரி டோ ஞோ செயினிடம் கேட்டுத்தான் குறித்தேன். நம்பிக்கை வேறு, முன்ஜாக்கிரதை வேறு.

என் கடை பகோடா படிக்கட்டின் அடிவாரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேலே போகப்போக இரண்டு பக்கமும் ஜோசியர்கள். அந்தக் காலத்தில் அத்தனை பேரும் ஆண்கள். அவர்கள் நடுவில் உட்கார்ந்து ஞோ செயின் பதினாறு வருஷம் வெற்றிலை விற்றாள். கை சுண்ணாம்பு தடவும். காது பக்கத்துக் கடையில் இருக்கும். ஒரு நாள் காலையில் வெற்றிலைத் தட்டைக் காணோம். அந்த இடத்தில் ஒரு சிலேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

படிக்கட்டே சிரித்தது. பெரிய ஜோசியர் ஊ டுன் பே எழுந்தே வந்துவிட்டார்.

"என்னம்மா, இனிமே எதிர்காலத்தையும் வெத்தலையில மடிச்சுத் தருவியா?"

"தருவேன் சயா," என்றாள், வாத்தியாரைக் கூப்பிடுகிற மரியாதையோடு. "உங்களுக்கு ஒண்ணு மடிக்கட்டுமா? புகையிலை தூக்கலாவா, கம்மியாவா?"

வாய்க்குப் பயந்தோ, காசு குறைவு என்றோ, அவளிடமும் கூட்டம் வந்தது. ஆனால் எதற்கு வந்தார்கள்? காணாமல் போன வாத்து, தேறாத பையன், குடிக்கிற புருஷன். கல்யாணம், வீடு, வழக்கு என்றால் ஊ டுன் பேதான். என் கடையில் உட்கார்ந்து, "ஜோசியக்காரங்க எல்லாம் ஊரை ஏய்க்கிறவங்க" என்று டீயை உறிஞ்சிவிட்டு, அதே கையோடு செருப்பைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுவார்கள். இப்படி ஏறிய எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்!

மா லாமின் ஆஸ்பத்திரி நர்ஸ். கோ யாசா படகு மோட்டார் ரிப்பேர்க்காரன். பெயருக்கு முன்னால் மா, கோ என்றால் இளசுகள்; டோ, ஊ என்றால் பெரியவர்கள். இரண்டு பேரும் என் கடையில் வேறு வேறு மேஜையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்தே ஒரு வருஷ டீயைக் குடித்து முடித்தார்கள். பிறகு யாசா வீட்டில் பெண் கேட்டார்கள். லாமினின் அம்மா டோ கின் தெட் நேராக ஊ டுன் பேயிடம் போனாள்.

இந்த ஊர் ஜோசியத்தில் பிறந்த கிழமைதான் எல்லாம். வாரத்துக்கு எட்டுக் கிழமை. புதன்கிழமை மத்தியானத்தோடு முடிந்துவிடும். அதற்குமேல் பிறந்தவன் ராகு. புதனும் ராகுவும் ஜென்மப் பகை. லாமின் புதன் காலை. யாசாவுக்கு ஊ டுன் பே தன் கையால் எழுதிய ஜாதக ஓலையில் புதன், மத்தியானம் ஒண்ணேகால் என்று இருந்தது.

"வருஷத்துக்குள்ள ஒரு சாவு விழும்" என்றார் அவர்.

டோ கின் தெட் ஏற்கெனவே புருஷனைப் பறிகொடுத்தவள். அரண்டுபோய், தாட்டோனில் ஒரு ரப்பர் வியாபாரிக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள். புத்த பிட்சுக்களின் மழைக்கால விரதம் முடிந்ததும் நிச்சயதார்த்தம். பதினோரு நாள்தான் பாக்கி.

லாமின் என் கடையில் வந்து உட்கார்ந்தாள். டீ ஆறியது, ஏடு படிந்தது, அவள் தொடவில்லை. "மாமா, நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டாள். ஜோசியத்தை நம்பாத நான் அவளைக் கூட்டிக்கொண்டு ஞோ செயினிடம் ஏறினேன். வேறு எங்கே போவது?

"எதையாவது சொல்லி அந்த அம்மா மனசை மாத்து அக்கா" என்றேன்.

"என்னைப் பொய் சொல்லச் சொல்றியா? கீழ போய்ப் பாலைக் காய்ச்சு, போ!" என்று எரிந்து விழுந்தாள். ஆனால் யாசாவின் ஓலையைக் கொண்டுவரச் சொன்னாள். வருஷத்தைப் பார்த்தாள். சிலேட்டில் எதையும் எழுதவில்லை. தலையை நிமிர்த்திக் கேட்டாள்: "ஒண்ணேகால்னு எந்தக் கடிகாரம் சொல்லிச்சு?"

எனக்குப் பொறி தட்டியது. யாசா பிறந்தது ஜப்பான்காரன் ஊரைப் பிடித்திருந்த காலம். கடிகாரத்தையெல்லாம் டோக்கியோ நேரத்துக்கு இரண்டரை மணி முன்னால் தள்ளி வைத்துவிட்டான். 'ஏழு மணிக்கு' என்று கும்மிருட்டில் கடை திறந்தவன் நான்! அவன் போனதும் எல்லாரும் கடிகாரத்தைத் திருப்பி வைத்தோம். அந்த நேரத்தில் பிறந்த பிள்ளைகளைத் திருப்பி வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் ஊ டுன் பேயின் கடை முன்னால் இரண்டு அம்மாக்களையும் உட்கார வைத்தாள் ஞோ செயின். படிக்கட்டில் கூட்டம் கூடிவிட்டது.

"வெத்தலை வித்தவ எனக்குக் கணக்குச் சொல்லித் தரியா?" என்றார் அவர்.

"கணக்கு இல்லை சயா, ஒரு கேள்விதான்." யாசாவின் அம்மா பக்கம் திரும்பினாள். "அக்கா, பிறந்த நேரத்தை யார் குறிச்சா?"

"அவங்க அப்பாதான். படகுத்துறையில குமாஸ்தா. எங்க வீட்டு எதிர்ல இருந்த துறைக் கடிகாரத்தைப் பாத்துதான் எழுதினாரு."

"அது ஜப்பான் மணிதான்" என்றாள் ஞோ செயின்.

"துறைக் கடிகாரத்தைத்தான் பாத்தாரா, வீட்டுல பழைய மணியிலயே இருந்த ஒண்ணைப் பாத்தாரா, யாருக்குத் தெரியும்?" என்றார் ஊ டுன் பே. "நீ பாத்தியா?"

ஞோ செயின் மறுபடி யாசாவின் அம்மா பக்கமே திரும்பினாள். "அன்னிக்கு மடத்துக்குச் சோறு உங்க வீட்டு முறையாமே அக்கா? யார் கொண்டுபோனா?"

"என் தங்கச்சி. எனக்கு வலி வந்ததால அவ கிளம்பலை. பிள்ளை பிறந்து, குளிப்பாட்டிக் கையில குடுத்துட்டுத்தான் பானையைத் தூக்கினா."

"பிட்சுங்க சாப்பிட்டாங்களா?"

"நல்லாச் சாப்பிட்டாங்களே! மீன் குழம்பை ரெண்டாந்தரம் வாங்கினாங்கன்னு வந்து சொன்னா."

உச்சி தாண்டினால் பிட்சு ஒரு பருக்கை தொடமாட்டார். அவர்கள் பார்ப்பது சூரியனை, ஜப்பான்காரன் கடிகாரத்தை அல்ல. சோறு போவதற்கு முன்பே பிறந்துவிட்டானே பிள்ளை!

ஊ டுன் பே பழைய ஓலையை வாங்கிப் பார்த்தார். பிறகு, நான் அவரைப் பற்றி நினைத்ததையெல்லாம் கொஞ்சம் மாற்றிக்கொள்ளும்படி ஒன்று செய்தார். புது ஓலை ஒன்றை எடுத்து, எழுத்தாணியை ஞோ செயினிடம் நீட்டினார்.

"நீயே எழுது. பத்தேமுக்கால். புதன் காலை. ரெண்டு பேருக்கும் ஒரே கிழமை, பகை இல்லை."

படிக்கட்டு முழுக்க ஒரே சத்தம். "டேய் யாசா, இருபத்திரண்டு வருஷமா வேற எவன் கிழமையிலடா குடியிருந்தே?" என்று எவனோ கத்தினான். டோ கின் தெட் லாமினைக் கட்டிக்கொண்டு அழுதாள். வாக்கைத் திரும்ப வாங்கத் தாட்டோனுக்கு ஆள் போயிற்று. ஞோ செயின் நிமிரவில்லை. எழுதிக்கொண்டிருந்தாள்.

அன்று கடையை அடைத்துவிட்டு நானும் அவர்களோடு மேலே போனேன். பகோடாவைச் சுற்றி ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு மூலை. அவரவர் மூலையில்தான் புத்தர் சிலைக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும். ராகுவின் மூலையில் தந்தமில்லாத மக்னா யானை, புதனுக்குத் தந்தமுள்ள கொம்பன். யாசாவின் கால் பழக்கத்தில் மக்னா யானைப் பக்கம் திரும்பியது. லாமின் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் கொம்பன் பக்கம் போய், ஒரே கிண்ணத்தைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றினார்கள்.