வீரராகவனின் சவரக் கத்தி

வீரராகவனுக்கு எதுவும் ஆடக்கூடாது. பஸ் ஜன்னல் கம்பி ஆடினால்கூட, இறங்குவதற்குள் அதை முறுக்கிவிடப் பார்ப்பான். ஆரம்பாக்கத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்களின் பிள்ளை. ஐ.டி.ஐ. முடித்து, கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில் ஃபிட்டரானான். முதல் சம்பளத்தில் பழைய சாமான் விற்கிற பழவேற்காட்டு உமர் பாரூக் பாயிடம், கொம்புப் பிடி போட்ட பழைய ஜெர்மன் சவரக் கத்தி ஒன்று வாங்கினான். அலகையும் பிடியையும் சேர்க்கிற ஆணி லூசானால், இரும்புத் துண்டின் மேல் வைத்துச் சின்னச் சுத்தியால் ஆணித் தலையை ஓரம் ஓரமாகத் தட்டி இறுக்குவான். மழமழவென்ற முகத்தோடுதான் ஷிஃப்டுக்குப் போவான். திமிர் பிடித்தவன் என்று தெருவில் நாங்கள் கேலி செய்வோம்.

2004 கோடையில் மில்லின் ரோலர் அவன் வலது கையை இழுத்தது. கட்டைவிரல் மட்டும்தான் மிஞ்சியது. அந்த ரோலருக்கு மூடி போடச் சொல்லி அவனே பலமுறை கேட்டிருந்தான். அவன் கவனக்குறைவு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், நாசமாய்ப் போகிறவர்கள்.

அதன் பிறகுதான் அவன் மனைவி குணசுந்தரி என்னோடு செருப்புக் கம்பெனிக்கு வந்தாள். வேனில் எனக்குப் பக்கத்து சீட். இதெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தாடியோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவன் ஒருநாள், "சுந்தரி, அந்தக் கத்திய எடு. எடது கையால நானே பண்ணிக்கிறேன்" என்றானாம். மாதக்கணக்கில் சும்மா கிடந்ததில் ஆணி துருவேறி இறுகியிருந்தது. ஒரு கையால் திறக்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குச் சொல்லிக் கொடுத்தான்.

"ஆணிக்கு ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் உடு. நட்டு ஓட்ட மேல ஆணிய வச்சு, மேலேந்து தட்டு. இன்னா அவசரம், லேசா."

கத்தி திறந்தது. இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டாலும் தானே சவரம் செய்து முடித்தான். கண்ணாடியை வெகுநேரம் பார்த்தானாம். மறுநாள் வேனில் அவள் சிரித்ததைப் பார்த்து எனக்கே வயிறு குளிர்ந்தது.

அந்தச் சிரிப்பு ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. ஒரு சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தான். மடியில் கத்தி திறந்து கிடந்தது. காலையில்தான் சவரம் செய்திருந்தான்.

"இப்ப எதுக்குங்க கத்தி?"

"சும்மாதான்." கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "நான் ஒருத்தன் இல்லாட்டி, நீ ஒங்கம்மா ஊட்டுக்குப் போய் நிம்மதியா இருப்பே."

அவன் கொல்லைப்பக்கம் போன நேரத்தில் கத்தியை மடக்கி, வாசற்படியில் வைத்து, சுத்தியால் ஆணி மேல் ஓங்கி அடித்தாள். கொம்புப் பிடியில் விரிசல் விட்டது. இனி இரண்டு கையாலும் திறக்க முடியாது என்று தெரிந்த பிறகுதான் நிறுத்தினாள்.

காலையில் அவன் கத்தியை எடுத்தான். திறக்கப் பார்த்தான், வரவில்லை. ஆணியை வெளிச்சத்தில் திருப்பி, கட்டைவிரலால் தடவினான்.

"நடுவுல அடிச்சிருக்கே," என்றான். "நான் ஓரமா தட்டறத நீ பாத்ததே இல்லியா?"

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றாள் என்னிடம்.

வெளியே வேன் ஹாரன் அடித்தது. அவள் போகாவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அரிவாள்மனையை அடுத்த வீட்டு அஞ்சம்மாளிடம் கொடுத்தாள். திரும்பி வந்து, அவன் இடது கையிலிருந்த கத்தியைப் பிடுங்கி, சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு ஓடி வந்து வேனில் ஏறினாள். வழியெல்லாம் பையை நெஞ்சோடு அணைத்தபடி இதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள்.

கம்பெனி கேட்டில் பை சோதிக்கிற ஜெபா கத்தியை வெளியே எடுத்தாள். இழுத்துப் பார்த்தாள், நகத்தால் நெம்பிப் பார்த்தாள். அசையவில்லை.

"இன்னாமா இது? தொறக்காத கத்திய எதுக்குத் தூக்கினு வர்றே? ஊட்டுலயே போட்டுட்டு வர்றதுதானே?"

குணசுந்தரி வரிசையிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க ஊட்டுக்காரரு ஃபிட்டரு, அக்கா," என்றாள்.