ஒட்டவைத்த போல்ட் தலை

1. ஸ்பேனர் வைத்ததும்

முப்பது வருடத்துக்கு மேல் மலைமேல் வளப்பூர் நாட்டில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தேன். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. பம்ப் செட், பவர் டில்லர், ஜீப், எது வந்தாலும் பார்ப்பேன். உடைந்த போல்ட் எத்தனையோ எடுத்திருக்கிறேன். நானே உடைத்ததும் அதில் உண்டு. ஆனால் இந்த ஒரு போல்ட்டை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

மலைக் கிராமங்களுக்கு மருந்து கொண்டுபோகும் ஓர் அறக்கட்டளையின் ஜீப்பை ஒரு நாள் காலையில் நாலைந்து பேர் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். டிரைவர் செல்வராசு இதே மலையில் தேவனூர் நாட்டுக்காரன். அந்தச் சம்பளத்தை நம்பித்தான் மகளைக் கல்லூரியில் சேர்த்திருந்தான். பின்னாலேயே பைக்கில் மேனேஜர் வந்தார். கீழே சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வருடம்கூட ஆகாதவர். வண்டியை நான் தொடுவதற்கு முன்பே சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"பெரியவரே, டிரைவர் தண்ணி ஊத்தாம ஓட்டி இன்ஜினக் கெடுத்துட்டான்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இவன இன்னிக்கே நிறுத்தணும்."

"பாக்காம எப்படிங்க எழுதறது?"

"பாக்க என்ன இருக்கு? இந்த மலைக்காரனுங்களுக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்?"

எதிரில் நிற்கிற நானும் மலைக்காரன்தான் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

செல்வராசு என்னிடம் வந்தான். "தெனமும் ஊத்துறேனுங்ணா. மலை ஏறயில தண்ணி கொறையுது, பாக்கச் சொல்லுங்கன்னு சார்கிட்ட மூணு தடவ சொன்னேன். வண்டில ரெண்டு கேன் தண்ணி வெச்சுட்டேதான் ஓட்டறேன்."

கேன்கள் பின்சீட்டில் இருந்தன. பானெட்டைத் தூக்கினேன். இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வாயில் தெர்மோஸ்டாட் ஹவுசிங் என்று ஒரு மூடி இருக்கும். இரண்டே போல்ட்டில் நிற்பது. அதைச் சுற்றி ஈரம். ஒரு போல்ட் ஒழுங்காகக் கழன்றது. அடுத்ததில் ரிங் ஸ்பேனரை வைத்ததுதான் தாமதம், தலை மட்டும் கையோடு வந்துவிட்டது. அடியில் வெள்ளையாக ஒட்டுப் பேஸ்ட். போல்ட் எப்போதோ உடைந்திருக்கிறது. உடைத்தவன் தலையைப் பேஸ்ட் போட்டு ஒட்டி, மேலே கிரீஸ் தடவி அனுப்பியிருக்கிறான்.

சமவெளியில் ஓட்டிப் பார்த்தால் இது தெரியாது. கீழே காளப்பநாயக்கன்பட்டி தாண்டி எழுபது கொண்டை ஊசி வளைவும் செகண்ட் கியரில் ஏறும்போது பிரஷர் கூடும். மூடியின் ஒரு பக்கம் லேசாக வாய் திறக்கும். எத்தனை கேன் ஊற்றினாலும் போய்க்கொண்டேதான் இருக்கும்.

2. கண்ணாடியில் இருந்த நம்பர்

முன்கண்ணாடியில் கடைசியாக சர்வீஸ் செய்த பட்டறையின் ஸ்டிக்கர் இருந்தது. திட்டித் தீர்க்கத்தான் போன் போட்டேன். எனக்குக் காது மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவேன். அன்றும் அப்படித்தான்.

"மண்டைய ஒட்டி அனுப்பிருக்கியே, இது வண்டியா, பொம்மையா? டாக்டரும் நர்ஸும் ஏறிப் போற வண்டிடா!"

பட்டறைக்காரன் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "ஒடஞ்சது நெசந்தானுங்கய்யா. ஒரு நாள் டைம் குடுங்க, எடுத்துடறேன்னு உங்க மேனேஜர் சார்கிட்டக் கெஞ்சுனேன். நாளைக்கு மேலிடத்துல இருந்து பாக்க வர்றாங்க, எப்படியாவது ஒப்பேத்திக் குடுன்னு அவருதாங்க சொன்னாரு."

"யாரு சொன்னாலும் ஒட்டுன கை உன்னுதுதான?"

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். மேனேஜர் வாசலில் இருந்த பலாமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தெரிந்தே வாங்கி வந்த ஓட்டை. அதற்கு ஒருவனின் வேலையைப் பறிக்கத் தாளோடு வந்திருக்கிறார்! செல்வராசு தலை குனிந்து நின்றதைப் பார்க்க எனக்குத்தான் தாங்கவில்லை.

3. மூன்றாவது நட்

கோபத்தோடு போல்ட் எடுக்கக்கூடாது. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

போல்ட் துண்டு, இன்ஜினின் மேல்பாகமான அலுமினிய ஹெட்டுக்குச் சமமாக, வெளியே நீட்டாமல் உடைந்திருந்தது. நடுவில் பளபளவென்று ஒரு புள்ளி. ஈசி-அவுட்டின் முனை! உடைந்த போல்ட்டில் துளை போட்டு, உள்ளே முறுக்கி இழுக்கும் கருவி அது. அதையும் உள்ளேயே உடைத்து வைத்திருக்கிறான். அந்த இரும்பில் டிரில் பிட் ஏறாது, பக்கத்தில் வழுக்கி அலுமினியத்தைத் தின்றுவிடும்.

ஒரே வழி வெல்டிங். பேட்டரி வயரைக் கழற்றினேன். துண்டின் மேல் வெல்டிங் ராடால் ஒரு பொட்டு ஏற்றி, அதன்மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே உருக்கி நிரப்பினேன். அலுமினியத்தில் அது ஒட்டாது, போல்ட்டில் மட்டும் பிடிக்கும். முதல் நட் பிய்ந்து வந்தது. இரண்டாவதும் பிய்ந்தது. மூன்றாவதை வைத்து, சூடு கொஞ்சம் அடங்கியதும் தேன்மெழுகை ஓரத்தில் தொட்டேன். அது உருகி எண்ணெய் போல மரைக்குள் இறங்கியது. ஸ்பேனரைக் கால் சுற்றுகூடத் திருப்பவில்லை. முன்னே ஒரு மயிரிழை, பின்னே ஒரு மயிரிழை. கடைசியில் 'கிரீச்' என்று ஒரு சத்தம். எனக்கு உயிர் வந்தது.

புது போல்ட், புது கேஸ்கெட் போட்டு, தண்ணீர் நிரப்பி ஸ்டார்ட் செய்தேன். இன்ஜின் நன்றாகவே இருந்தது. வழியில் சூடு காட்டும் ஊசி மேலே ஏறியதும் செல்வராசு இன்ஜினை அணைத்திருக்கிறான். இன்னும் ஒரு வளைவு ஓட்டியிருந்தால் ஹெட்டே வளைந்திருக்கும். வேலையை விட்டு நிறுத்த இருந்தார்களே, அவன்தான் இன்ஜினைக் காப்பாற்றியவன்.

மேனேஜர் தாளை மடித்துப் பையில் வைத்தார். "சரி சரி, வண்டிய எடு. லேட்டாகுது."

செல்வராசு சாவியை எடுக்கவில்லை. "தண்ணி ஊத்தலேன்னு எல்லாருக்கும் முன்னால சொன்னீங்கல்ல சார். ஊத்துனேன்னு சொல்லுங்க."

நான் ஸ்பேனர்களைத் துடைத்துப் பெட்டியில் போட்டேன். அது அவன் கேட்க வேண்டியது.

மேனேஜர் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "ஊத்துனப்பா" என்றார், முணுமுணுப்பாக.

"சத்தமாச் சொல்லுங்க சார். அண்ணனுக்குக் காது கேக்காது."

"தண்ணி ஊத்துன. தப்பு உன்னுது இல்ல."

அதற்குப் பிறகுதான் செல்வராசு சாவியைத் தொட்டான்.

இப்போது வேலை பழகுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். போல்ட் உடைவது குற்றமில்லை, எல்லார் கையிலும் உடையும். உடைந்ததென்று வாயைத் திறந்து சொல்லுங்கள். நீங்கள் மறைப்பது மலை ஏறும்போது வேறொருவன் தலையில் விடியும். அந்தப் போல்ட் தலை பேஸ்ட்டோடு இன்னும் என்னிடம் இருக்கிறது. "எப்படியாவது ஒப்பேத்திக் குடுங்க" என்று யார் அவசரப்படுத்தினாலும் அதை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு, "இதுல ஏறி நீங்க முதல்ல போய்ட்டு வாங்க" என்பேன்.